கடல் தெரியும் அறை. கதவில் நுழையாத நாற்காலி!

குமரி முனையில் விடியற்காலை ஐந்து மணிக்கே ஓட்டல்கள் விழித்துக்கொள்கின்றன.

அறைக்கு அறை தொலைபேசி மணி அடிக்கிறது. "சார், சூரியன் உதயமாகப் போகுது, மேலே வாங்க!" என்று ரிசப்ஷனிலிருந்து குரல் வருகிறது. தூக்கம் கலையாத குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் மொட்டை மாடிக்கு விரைகிறார்கள். கிழக்கே வானம் வெளுக்கிறது. கடலில் விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் கறுப்பு உருவங்களாகத் தெரிகின்றன.

பல ஓட்டல்களில் லிப்ட் கடைசி மாடி வரைதான் போகும். அதற்கு மேலே மொட்டை மாடிக்குப் படிக்கட்டுதான். பதினைந்து படி இருக்கும். சில இடங்களில் இருபது.

சக்கர நாற்காலியில் வந்தவர் அந்தப் படிக்கட்டின் அடியில் நின்றுவிடுகிறார். மேலே "அதோ! அதோ!" என்ற குரல்கள் கேட்கின்றன. மகன் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டுகிறான்.

அஸ்ஸாமில் உள்ள திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரு ரெயில் வருகிறது. விவேக் எக்ஸ்பிரஸ் என்று பெயர். நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் அந்த ரெயிலில் இருந்து இறங்கியவரை இருபது படிகள் நிறுத்திவிடுகின்றன!

யார் இவர்கள்?

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர்.

இந்தக் கணக்கில் சேராதவர்கள் இன்னும் அதிகம். முழங்கால் வலியால் படி ஏற முடியாத பாட்டி, பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோன தாத்தா, கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கும் கல்லூரி மாணவன், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோருக்கும் படிக்கட்டு ஒரு சுவர்தான்.

கன்னியாகுமரி வெறும் உல்லாச ஊர் அல்ல, யாத்திரைத் தலம். பகவதி அம்மன் கோவிலுக்கும் முக்கடல் தீர்த்தத்துக்கும் குடும்பத்தோடு வருகிறார்கள். குடும்பம் என்றால் அதில் ஒரு முதியவர் கட்டாயம் இருப்பார். "கண்ணை மூடுவதற்குள் குமரியைப் பார்த்துவிட வேண்டும்" என்று அவர் சொன்னதால்தான் குடும்பமே புறப்பட்டு வந்திருக்கும். யாருக்காகப் பிரயாணமோ, அவருக்குத்தான் ஓட்டலில் இடம் இல்லை!

படி வைத்தால்தான் மாளிகையா?

குறைந்த வாடகை லாட்ஜுகளை விட்டுவிடுவோம். இரவு ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் வாங்கும் ஓட்டல்களைப் பார்ப்போம்.

வாசலில் சலாம் போடக் காவலாளி இருக்கிறார். உள்ளே பளிங்குத் தரை, குளிர்சாதனம், வரவேற்க இளநீர். ஆனால், காரை விட்டு இறங்கினால் நான்கு படி ஏறித்தான் இவற்றை அடைய வேண்டும். கட்டடத்துக்குக் கம்பீரம் வேண்டும் என்று தரையை உயர்த்திப் படி வைத்திருக்கிறார்கள். கோவிலுக்கும் அரண்மனைக்கும் படி ஏறிப் போய்ப் பழகிய கண்களுக்கு, தரை மட்டத்தில் இருக்கும் வாசல் மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறதோ என்னவோ!

"பின்பக்கம் சரிவுப் பாதை இருக்கு சார்" என்று சொல்லும் ஓட்டல்களும் உண்டு. அது சாமான் வண்டிக்காகப் போட்ட பாதை. சமையல் கட்டு, காஸ் சிலிண்டர், எச்சில் இலைத் தொட்டி எல்லாவற்றையும் தாண்டி விருந்தாளி உள்ளே வர வேண்டும். கொடுக்கிற பணம் எல்லாருக்கும் ஒன்றுதான். வழி மட்டும் வேறு!

சாமான் வண்டிக்கான சரிவு பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும். சக்கர நாற்காலிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும். ஆறு அங்குலப் படி ஒன்றே ஒன்று இருந்தால்கூட ஆறு அடிக்குச் சரிவு போட வேண்டும். அரை மூட்டை சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டு, "ராம்ப் போட்டாச்சு" என்றால் ஆகாது. அதில் இறங்கும் நாற்காலி முன்பக்கம் குப்புறக் கவிழ்ந்துவிடும்.

குளியலறை என்னும் கண்டம்

வாசலைத் தாண்டியாயிற்று. லிப்டும் இருக்கிறது. அறையும் விசாலம். ஜன்னலைத் திறந்தால் கடல். இனி என்ன குறை?

குளியலறைக் கதவுதான்!

நம் ஊர்க் கட்டடங்களில் அறைக் கதவு மூன்றடி என்றால், குளியலறைக் கதவு இரண்டரை அடிதான். நிலையும் கதவின் கனமும் போக மிஞ்சுவது இருபத்தேழு, இருபத்தெட்டு அங்குலம். சாதாரணச் சக்கர நாற்காலியே இருபத்தைந்து அங்குலத்துக்குக் குறையாது. சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கும் இடம் வேண்டாமா? விரல் முட்டிகள் நிலையில் உரசித் தோல் பெயர்ந்துவிடும். உள்ளே நுழைந்தாலும் திரும்ப முடியாது. நாற்காலி ஒரு சுற்றுச் சுற்ற ஐந்தடி வட்டம் வேண்டும்.

இதனால் என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வெளியே சொல்லவும் கூசுகிறார்கள். வெளியூர்ப் பயணம் என்றாலே சிலர் முதல் நாள் இரவிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். குமரியின் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நாக்கு வறண்டாலும் ஒரு மிடறோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வரவேற்புக்குத் தந்த இளநீர் மேஜை மேலேயே இருக்கும். "குடிக்கலையா அம்மா?" என்று ரூம் பாய் அன்பாகத்தான் கேட்பான். அந்த அம்மாளின் தாகத்துக்கும் குளியலறைக் கதவுக்கும் உள்ள சம்பந்தம் அவனுக்கு எப்படித் தெரியும்?

உப்புக் காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சுவரில் பிடித்துக்கொள்ளப் பதித்த இரும்புக் கம்பியை அது அரித்துவிடும். மட்டமான கம்பியை மாட்டிவிட்டு அப்புறம் கவனிக்காமல் விட்டால், ஒருவர் தன் முழுப் பாரத்தையும் போட்டுப் பிடிக்கும் நாளில் கையோடு வந்துவிடும். கடற்கரை ஓட்டலில் உயர்ந்த ரக எவர்சில்வர் கம்பிதான் வேண்டும். மாதம் ஒரு முறை அசைத்துப் பார்க்கவும் வேண்டும்.

நட்சத்திரம் வாங்க ஒரு விதி

மத்திய சுற்றுலா அமைச்சகம் ஓட்டல்களுக்கு நட்சத்திர அந்தஸ்து கொடுக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் ஓட்டலில் மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற அறை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. கதவு ஒரு மீட்டர் அகலம், தாழ்வான மேஜை நாற்காலி, கைக்கு எட்டும் உயரத்தில் துணி மாட்டும் கம்பி, உட்கார்ந்தபடியே வெளியே பார்க்கக் கதவில் தாழ்வான துவாரம், வாசலில் வழுக்காத சரிவுப் பாதை என்று விவரமாகவே எழுதியிருக்கிறார்கள்.

அபாய மணி ஒலித்தால் மட்டும் போதாது; விளக்கும் மின்ன வேண்டும் என்கிறது அந்த விதி. காது கேளாத ஒருவர் குமரியில் தங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை மணி அடித்தால் அவருக்குக் கேட்காது. சூரிய உதயம் போனால் மறுநாள் பார்க்கலாம். தீப்பிடித்தால்?

விதி நல்ல விதிதான். ஆனால் நட்சத்திரம் வேண்டாம் என்று இருக்கும் ஓட்டலை அது கட்டுப்படுத்தாது. நட்சத்திர ஓட்டலிலும் ஒரே ஓர் அறை! சபரிமலை சீசனில் அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால்? ஒரே குடும்பத்தில் இரண்டு சக்கர நாற்காலிகள் வந்தால்?

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டில் பாராளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2017 ஏப்ரல் 19-ல் அது அமலுக்கு வந்தது. அதில் "பொதுக் கட்டடம்" என்பது சர்க்கார் கட்டடம் மட்டும் அல்ல. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதில் அடக்கம். ஓட்டலும் தப்ப முடியாது. பழைய கட்டடங்களைச் சீர்திருத்த விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷம் கெடு. அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை.

பல ஆயிரம் வாடகை வாங்கும் ஓட்டலுக்கு முதல் அபராதம் சில அறைகளின் ஒரு நாள் வாடகைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பைக் கூறியது. பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரத்தூரி என்பவர் 2005-ல் தொடுத்த வழக்கு அது. வசதிகள் பற்றிய விதிகளை வெறும் ஆலோசனை போல எழுதி வைத்தால் போதாது. கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டிய அளவுகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று மத்திய சர்க்காருக்குக் கோர்ட்டு உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்த நாளிலிருந்து தீர்ப்புக்குப் பத்தொன்பது வருஷம்!

தூக்குவதா, கேட்பதா?

வசதி இல்லாத இடத்தில் கைகொடுப்பது மனிதர்கள்தான். இதில் நாஞ்சில் நாட்டைக் குறை சொல்ல முடியாது. வாசலில் நாற்காலி தயங்கி நிற்பதைப் பார்த்தால், "ஏ மக்கா, ஒரு கை குடு!" என்று ஒருவர் குரல் கொடுப்பார். நான்கு பையன்கள் ஓடி வருவார்கள். "பாட்டா, பயப்படாதீங்க" என்று சொல்லி அலாக்காகத் தூக்கி மேலே வைத்துவிடுவார்கள். காசு கொடுத்தால் வாங்காதவர்களும் உண்டு.

மனசு தங்கம்தான். ஆனால் தூக்கப்படுகிறவரிடம் யாரும் கேட்பதில்லை!

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குகிறார்கள். பல நாற்காலிகளில் கைப்பிடி கழன்று வரும்படி செய்யப்பட்டது. கீழே இருக்கும் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள்பட்டை நழுவக்கூடும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது. கால் எங்கே இடித்தது என்பதே தெரியாமல் புண்ணாகிவிடும். சரிவில் இறக்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாக இறக்க வேண்டும். "எப்படிப் பிடிக்கணும்? நீங்களே சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டால் பாதி விபத்து குறையும். ஓட்டல் சிப்பந்திகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மத்தியானம் போதும்.

கேட்காமல் முடிவு செய்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜீஜா கோஷ் வழக்கு சாட்சி. 2012 பிப்ரவரியில் ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் புறப்பட்டார், மூளை முடக்குவாதம் உள்ள அந்தப் பெண்மணி. விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். 2016 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அவர் இறக்கிவிடச் சொல்லிக் கேட்கவில்லை. அவருக்குப் பாதுகாப்பு எது என்று மற்றவர்கள் முடிவு செய்ததுதான் குற்றம்.

நல்ல பக்கத்தையும் பார்க்க வேண்டும். லெமன் ட்ரீ என்னும் ஓட்டல் நிறுவனம் 2007 முதல் காது கேளாதவர்களை வேலைக்கு எடுத்து வருகிறது. அங்கே மற்றச் சிப்பந்திகளும் சைகை மொழி கற்றுக்கொள்கிறார்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடிக்குப் போனால் இன்னொரு அதிசயம். கல்லூரி நாட்களில் கழுத்துக்குக் கீழே செயல் இழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. அந்த வளாகத்தில் சக்கர நாற்காலி தங்கு தடையில்லாமல் போய்வருகிறது. நம் ஊர் கொத்தனாரும் நம் ஊர் சிமெண்டும்தான் அதைச் சாதித்தன.

ஓட்டலுக்கு வெளியே

ஓட்டல் மட்டும் மாறினால் போதுமா? விவேகானந்தர் மண்டபத்துக்குப் படகில் போக வேண்டும். துறைக்கும் படகுக்கும் நடுவே அலை ஏறி இறங்குகிறது. கால் உள்ளவர்களே தடுமாறும் இடம் அது. 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம், பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கிறது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. பாலத்தின் மேல் நாற்காலி தாராளமாக உருளும். ஆனால் பாலத்துக்குப் போய்ச் சேரப் படகில் ஏற வேண்டுமே!

சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27-ல் கடல் வரை மரப்பாதை ஒன்று திறந்தார்கள். நீளம் 263 மீட்டர். சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் அலையில் கால் நனைத்து அழுதார்கள், சிரித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து பாதையின் கடலோரப் பகுதியை உடைத்துவிட்டது. பிறகு பழுது பார்த்தார்கள். கடலோரத்தில் கட்டினால் போதாது; காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புறப்படும் முன்னே

முதியவரையோ மாற்றுத்திறனாளியையோ அழைத்துக்கொண்டு குமரிக்குப் புறப்படுகிறவர்கள், "வசதி எல்லாம் உண்டா?" என்று ஓட்டலுக்குப் போன் செய்வதில் பயன் இல்லை. "எல்லாம் உண்டு சார்!" என்றுதான் பதில் வரும். அளவைக் கேட்க வேண்டும். வாசலில் எத்தனை படி? லிப்ட் எந்த மாடியில் ஏற்றும்? எந்த மாடி வரை போகும்? கட்டிலின் உயரம் என்ன? கிழக்குப் பக்க அறை உண்டா? அறையிலிருந்தே உதயம் தெரிந்தால் மொட்டை மாடி கவலை விட்டது.

கடைசியாக, குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்? "அளந்து பார்த்து ஒரு படம் அனுப்புங்கள்" என்று சொல்லலாம். மானேஜர் முதலில் திகைப்பார். பிறகு யாரையாவது டேப் எடுத்துக்கொண்டு அனுப்புவார். முப்பத்திரண்டுக்கு மேல் என்றால் தாராளமாகப் போகலாம். இருபத்தெட்டு என்றால், கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டுத் தர முடியுமா என்று கேட்கலாம். ஆசாரி வந்தால் அரைமணி நேர வேலை. ஒன்றரை அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். குறுகலான நாற்காலிக்கு அது போதும்.