பச்சை குத்துதல்: முதன்முறை குத்திக்கொள்வோர் கவனத்திற்கு

பாசிக்குடாவுக்கும் கல்லடிக் கடற்கரைக்கும் வரும் வெளிநாட்டவரின் தோள்களிலும் கால்களிலும் காணப்படும் வண்ணச் சித்திரங்கள் எமது பிரதேச இளைஞர்களையும் கவர்ந்திருப்பதில் வியப்பில்லை. சினிமா நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் அந்த ஆசைக்கு மேலும் நெய் வார்த்துள்ளனர். ஆயினும் இது தமிழருக்குப் புதிய வழக்கமன்று. தமிழ்நாட்டில் குறவர் சமூகப் பெண்கள் பச்சை குத்திய முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்கார் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, துணியில் தடவித் திரியாக்கி எரித்து, மேலே கவிழ்த்த பானையில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பார்கள். அதுவே மை.

இன்று பயன்படும் மின் இயந்திரத்துக்கு 1891ஆம் ஆண்டு நியூயோர்க்கில் சாமுவேல் ஓ'ரைலி என்பவர் காப்புரிமை பெற்றார். கருவி மாறியதே தவிர, செயல் மாறவில்லை. ஊசி தோலைத் துளைக்கிறது. மை உள்ளே இறங்குகிறது. எனவே முதன்முறையாகப் பச்சை குத்திக்கொள்ள எண்ணுபவர், குத்துபவரின் சித்திரத் திறமையைப் பார்ப்பதற்கு முன்னர் அவருடைய ஊசியையும் மையையும் பார்க்கவேண்டும்.

இஸ்லாத்தில் நிரந்தரமாகப் பச்சை குத்துதல் ஹதீஸ்களின் அடிப்படையில் தடுக்கப்பட்டுள்ளது. ஆகையால் முஸ்லிம் வாசகர்களுக்கு இது தொடர்பற்ற விடயமாகத் தோன்றக்கூடும். ஆனால் பெருநாளுக்கும் திருமணத்துக்கும் இடப்படும் மருதோன்றியிலும் இதே வகையான ஓர் ஆபத்து அண்மைக் காலமாகப் புகுந்துள்ளது. அதனைப் பின்னர் நோக்குவோம்.

எமது மேற்றோல் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. மை மேற்றோலில் மட்டும் நின்றால் அதுவும் உதிர்ந்துவிடும். ஆகவே ஊசி அதற்குக் கீழேயுள்ள உட்தோல் வரை, அதாவது ஒன்று தொடக்கம் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்துக்குச் செல்கிறது. அந்நியப் பொருள் ஒன்று உட்புகுந்துவிட்டதென உடலின் பாதுகாப்புக் கலங்கள் விரைந்து வந்து மையை விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் அதனைச் சமிக்க முடிவதில்லை. அக்கலங்கள் இறக்கும்போது வெளிப்படும் மையைப் புதிய கலங்கள் மீண்டும் விழுங்கிக்கொள்வதாக 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர். பச்சை அழியாதிருப்பதன் இரகசியம் இதுவே. வலியைப் பொறுத்தவரை சதைப்பிடிப்புள்ள புயத்தில் குறைவாகவும் விலா, கணுக்கால், முழங்கையின் உட்புறம் ஆகியவற்றில் கூடுதலாகவும் இருக்கும். பெரும்பாலானோரால் தாங்கக்கூடியதே.

அஞ்சவேண்டியது வலிக்கன்று, குருதிக்கு. ஒருவரைக் குத்திய ஊசியால் அடுத்தவரைக் குத்தும்போது ஈரலழற்சி 'பி', ஈரலழற்சி 'சி', எச்.ஐ.வி. ஆகிய மூன்று வைரசுகளும் கடத்தப்படலாம். இவற்றுள் ஈரலழற்சி 'பி' வைரசு உடலுக்கு வெளியே, காய்ந்த குருதித் துளியில்கூட, ஏழு நாட்கள் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. பார்வைக்குச் சுத்தமாகத் தோன்றும் மேசையோ கருவியோ பாதுகாப்பானதென்று இதனாலேயே கொள்ளமுடியாது. இலங்கையில் குழந்தைகளுக்கான தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ஈரலழற்சி 'பி' தடுப்பூசி 2003ஆம் ஆண்டு முதல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர் பிறந்த பலருக்கு இப்பாதுகாப்பு இல்லை. அவர்கள் பச்சை குத்திக்கொள்வதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே மூன்று தடவைகளில் இத்தடுப்பூசியைப் பெற்றுக்கொள்வது நல்லது. ஈரலழற்சி 'சி'க்கோ எச்.ஐ.வி.க்கோ தடுப்பூசி இல்லை.

இது வெறும் சுகாதாரப் பிரச்சினை மட்டுமன்று. வாகரையிலிருந்து களுவாஞ்சிகுடி வரை மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் குடும்பங்கள் ஏராளம். வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் மேற்கூறிய மூன்று நோய்களும் பரிசோதிக்கப்படுகின்றன. தொற்று இருப்பதாகக் கண்டறியப்பட்டால் அவர் தகுதியற்றவரெனத் தீர்மானிக்கப்படுகிறார். சில ஆயிரம் ரூபாவை மிச்சப்படுத்த நண்பனின் வீட்டு விறாந்தையில் குத்திக்கொண்ட ஒரு பெயர், கடன்பட்டு ஏற்பாடு செய்த பயணத்தையே நிறுத்திவிடக்கூடும்.

ஆதலால் கடைக்குச் சென்றதும் கூச்சப்படாமல் கேட்கவேண்டும். ஊசி முத்திரையிட்ட உறையிலிருந்து உங்கள் கண்முன்னே எடுக்கப்படுகிறதா? வேலை முடிந்ததும் அது கூராயுதங்களுக்கான தனிப் பெட்டியில் வீசப்படுகிறதா? மை போத்தலிலிருந்து நேரடியாகத் தொடப்படாமல், ஒருவருக்கு ஒன்றாகச் சிறு கிண்ணத்தில் ஊற்றப்பட்டு எஞ்சியது கொட்டப்படுகிறதா? மீளப் பயன்படுத்தும் உலோகப் பாகங்களை வெந்நீரிலோ ஸ்பிரிட்டிலோ கழுவினால் போதாது. ஓட்டோகிளேவ் எனப்படும் அமுக்க நீராவிக் கருவியில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடங்கள் வைத்திருக்கவேண்டும். இக்கேள்விகளுக்குக் கோபப்படும் கடைக்காரரிடம் மேலும் நின்று பேசத் தேவையில்லை.

மையை நீர்க்கச் செய்ய எதனைக் கலக்கிறார் என்பதும் முக்கியம். 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், முன்கூட்டியே நீர்க்கச் செய்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையால் 19 பேருக்குத் தோலில் தொற்று ஏற்பட்டது. காசநோய்க் கிருமியின் உறவினமான ஒருவகைப் பற்றீரியாவே காரணம். அது குழாய் நீரிலும் வாழக்கூடியது. சாதாரண மருந்துகளுக்கு எளிதில் அடங்காதது. கிணற்று நீரோ குழாய் நீரோ கொதிக்கவைத்து ஆறிய நீரோ எதுவும் மைக்கு ஏற்றதன்று. கிருமி நீக்கம் செய்து அடைக்கப்பட்ட நீரே வேண்டும். மையிலுள்ள இரசாயனங்கள் பற்றியும் உலகம் விழித்துக்கொண்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் ஆயிரக்கணக்கான இரசாயனங்களைப் பச்சை மையில் கட்டுப்படுத்தியுள்ளது. உற்பத்தியாளர் பெயரோ காலாவதித் திகதியோ இல்லாத போத்தலை நிராகரிப்பதே சரி.

குத்திய பின்னர் முதல் இரண்டு நாட்கள் சிவப்பும் வீக்கமும் சிறிது நிணக்கசிவும் இருக்கும். ஒரு வாரத்துக்குள் பொருக்குக் கட்டி உரியத் தொடங்கும், அரிக்கும். சொறியவோ உரிக்கவோ கூடாது. மேற்புறம் ஆற இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். மஞ்சளோ பச்சிலையோ அப்பாமல், வாசனையற்ற சவர்க்காரத்தால் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, மெல்லிய களிம்பு பூசினால் போதும். சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல், கோடாக மேலேறும் செந்நிறம் ஆகியன காணப்பட்டால் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். எம்மைப் போன்ற கரிய நிறத்தவருக்குத் தழும்பு தடித்து வளரும் இயல்பு அதிகம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ அவ்வாறு வளர்ந்தவர்கள் பச்சை குத்தாதிருப்பதே உத்தமம்.

வாவிக்கரை மக்களுக்கெனத் தனியாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. 2017இல் வெளியான மருத்துவ சஞ்சிகைக் குறிப்பொன்று, காலில் பச்சை குத்தி ஐந்து நாட்களில் மெக்சிக்கோ வளைகுடாவில் குளித்த 31 வயதான ஒருவரைப் பற்றியது. ஏற்கனவே ஈரல் நோயுடைய அவர் 'விப்ரியோ வல்னிபிக்கஸ்' எனும் பற்றீரியா தொற்றி உயிரிழந்தார். இப்பற்றீரியா வெதுவெதுப்பான, கடலளவு உப்பில்லாத கரையோர நீரை விரும்புவது. பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கும், சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியும் அத்தகைய உவர்நீரே. வலை வீசுபவர், இறால் பிடிப்பவர், தோணி தள்ளுபவர் ஆகியோர் காலிலோ முன்கையிலோ பச்சை குத்தினால், ஆறும் வரை மூன்று வாரங்கள் தொழிலுக்கு இறங்காதிருக்க முடியுமா என்பதை முதலில் கணக்கிட வேண்டும். நீரிழிவும் ஈரல் நோயும் உள்ளவர்களுக்கு ஆபத்து பன்மடங்காகும்.

இனி மருதோன்றி. இலையை அரைத்துப் பெறும் உண்மையான மருதோன்றி செம்மஞ்சளாகத் தொடங்கி ஓரிரு நாட்களில் செங்கபிலமாகக் கருகும். அது தனியே ஒருபோதும் மைக் கறுப்பாவதில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் கன்னங்கறுப்பாகப் பிடிக்கும் 'கறுப்பு மெஹந்தி' கோன்களில் பெரும்பாலும் கலக்கப்படுவது தலைமயிர்ச் சாயத்திலுள்ள பாரா-பினைலீன்டயமின் எனும் இரசாயனம். ஐரோப்பிய ஒன்றியம் மயிர்ச்சாயத்தில் இதனை 2 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. தோலில் பூசுவதை அமெரிக்காவும் அனுமதிப்பதில்லை. சிலருக்குச் சில நாட்களில் சித்திரம் வரைந்த கோட்டிலேயே கொப்புளம் எழும்பும். கொப்புளம் ஆறினாலும் ஒவ்வாமை ஆயுள் முழுதும் நிற்கும். எட்டு வயதில் பெருநாளுக்கு இட்ட கோன், நாற்பது வயதில் நரைக்குச் சாயமிடும்போது முகம் வீங்கச் செய்யலாம். சிசுக்களுக்கு உண்மையான மருதோன்றியும் வேண்டாம். ஜீ-6-பீ-டீ எனும் நொதியம் குறைந்த குழந்தைகளில் அது செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடியது.

எதனை வரைவது என்பதிலும் நிதானம் வேண்டும். கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியத் தாதியொருவர் 2014இல் இலங்கையிலிருந்து நாடு கடத்தப்பட்டார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் தீர்ப்பு வர மூன்று ஆண்டுகளுக்கு மேல் சென்றது. லேசர் மூலம் அகற்றலாம் என்ற எண்ணத்தோடு குத்துவதும் பேதமை. வாரக்கணக்கான இடைவெளியில் பல தடவைகள் செய்யவேண்டிய, செலவு மிகுந்த சிகிச்சை அது. கரிய தோலில் வெள்ளைத் திட்டுக்களை விட்டுச்செல்லலாம். கோவில்களிலும் பள்ளிவாசல்களிலும் நடைபெறும் இரத்ததான முகாம்களில் தவறாது கலந்துகொள்பவர், பச்சை குத்திய பின் சில மாதங்கள் முதல் ஒரு வருடம் வரை குருதி வழங்க முடியாதிருக்கும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பழைய ஊசியால் குத்தப்பட்டதாகப் பின்னர் சந்தேகம் எழுந்தால் வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினால் மட்டுமே பயனுண்டு. எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குச் சென்று நடந்ததை உள்ளபடி வைத்தியரிடம் கூறினால் போதும். அரச வைத்தியசாலைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும். முதற் பரிசோதனையில் தொற்று இல்லையென வந்தாலும், வைரசு குருதியில் தென்படச் சில வாரங்கள் செல்லுமாதலால், வைத்தியர் குறிப்பிடும் திகதியில் மீண்டும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.