மின்னணுக் காட்சித்திரை

மின்னணுக் காட்சித்திரை என்பது மின் குறிகைகளைக் கண்ணால் காணத்தக்க எழுத்தாகவோ படமாகவோ மாற்றிக் காட்டும் கருவி ஆகும். தொலைக்காட்சி, கணினி, செல்பேசி, மின்னூல் படிப்பான், கைக்கடிகாரம் முதலியவற்றில் இது பயன்படுகின்றது. திரையில் தோன்றும் படம் படவணு அல்லது பிக்சல் எனப்படும் மிகச் சிறு புள்ளிகளால் ஆனது. வண்ணத் திரைகளில் ஒவ்வொரு படவணுவிலும் பொதுவாகச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களுக்குரிய மூன்று துணைப் படவணுக்கள் இருக்கும். 1920 × 1080 படவணுக்கள் கொண்ட திரையில் இத்தகைய துணைப் படவணுக்கள் 62 இலட்சத்துக்கும் மேல் உள்ளன.

வகைப்பாடு

கண்ணை அடையும் ஒளி எங்கிருந்து வருகின்றது என்பதைக் கொண்டு காட்சித்திரைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. தாமே ஒளியை உமிழ்பவை: எதிர்மின் கதிர்க் குழாய், பிளாசுமாத் திரை, கரிம ஒளியுமிழ் இருமுனையத் திரை (ஓஎல்இடி).
2. பின்னாலுள்ள விளக்கின் ஒளியைத் தடுத்தோ விடுத்தோ படம் காட்டுபவை: நீர்மப் படிகத் திரை (எல்சிடி).
3. சுற்றுப்புற ஒளியை எதிரொளிப்பவை: மின்தாள்.

திரையின் கருமை, மின்செலவு, வெயிலில் படிக்கும் வசதி ஆகியன பெரும்பாலும் இவ்வேறுபாட்டினாலேயே அமைகின்றன.

எதிர்மின் கதிர்க் குழாய்

1897 ஆம் ஆண்டில் செருமானிய இயற்பியலாளர் கார்ல் பெர்டினண்ட் பிரவுன் இக்குழாயை உருவாக்கினார். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயின் பின்முனையிலிருந்து வெளிப்படும் எதிர்மின்னிக் கற்றை, முன்புறத்தில் பூசப்பட்ட ஒளிர்பொருளின் மீது மோதி அதனை ஒளிரச் செய்கின்றது. தொலைக்காட்சிப் பெட்டியில் காந்தச் சுருள்கள் இக்கற்றையை வரிவரியாக நகர்த்துகின்றன. 625 வரி ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 முழுப் படங்கள் இவ்வாறு வரையப்பட்டன. கற்றை வளைந்து செல்ல இடம் தேவைப்பட்டதால் பெட்டி ஆழமாகவும், வெற்றிடத்தின் மீதான காற்றழுத்தத்தைத் தாங்கத் தடித்த கண்ணாடி தேவைப்பட்டதால் கனமாகவும் இருந்தது. கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால் பழைய குழாய்களைக் கண்ட இடத்தில் உடைத்து எறிவது தீங்கானது.

பிளாசுமாத் திரை

இது 1964 இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. நியான், செனான் போன்ற வளிமங்கள் நிரம்பிய நுண்ணறைகளில் மின்னிறக்கம் நிகழும்போது புற ஊதாக் கதிர் தோன்றி, அறைச் சுவரிலுள்ள ஒளிர்பொருளை ஒளிரச் செய்கின்றது. மின்செலவு மிகுதி. 2010களின் நடுப்பகுதியில் இவ்வகைத் தொலைக்காட்சிகளின் உற்பத்தி கைவிடப்பட்டது.

நீர்மப் படிகத் திரை

நீர்மத்தைப் போல் பாயும் தன்மையும் படிகத்தைப் போல் ஒழுங்கமைந்த மூலக்கூறுகளும் கொண்ட பொருள் நீர்மப் படிகம் ஆகும். 1888 இல் ஆசுத்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர் இதன் இயல்பை முதலில் கவனித்தார்.

ஒளியலைகளில் ஒரு திசையில் அதிர்வனவற்றை மட்டும் விடும் தகடு முனைவாக்கி எனப்படும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்கப்பட்ட இரு முனைவாக்கிகளின் ஊடாக ஒளி செல்லாது. அவற்றுக்கிடையே முறுக்கிய வடிவில் அமைந்த நீர்மப் படிகம் இருந்தால், அது ஒளியின் அதிர்வுத் திசையை 90 பாகை திருப்பி வெளியே விடும். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழ்ந்து ஒளி தடைப்படும். இடைப்பட்ட அழுத்தங்களில் ஒளியின் அளவு கூடியோ குறைந்தோ அமையும். நிறம், மேலுள்ள வண்ண வடிகளால் பெறப்படுகின்றது. முறுக்கு முறையன்றி வேறு மூலக்கூறு அமைப்புகளும் இன்று பயன்படுகின்றன.

பின்னொளி எரிந்துகொண்டே இருப்பதால் கரிய பகுதியிலும் சிறிதளவு ஒளி கசியும். எனவே இருட்டறையில் கருமை சாம்பல் நிறமாகத் தோன்றும்.

கரிம ஒளியுமிழ் இருமுனையத் திரை

மின்னோட்டம் பாயும்போது தாமே ஒளிரும் கரிமச் சேர்மங்களின் மெல்லிய படலங்கள் இதில் பயன்படுகின்றன. குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் இத்தகைய அமைப்பைச் சிங் டாங், இசுடீவன் வான் சிலைக் ஆகியோர் 1987 இல் வெளியிட்டனர். அணைக்கப்பட்ட படவணு ஒளியே தராததால் கருமை முழுமையாக இருக்கும். கரிய பின்னணியில் மின்செலவும் குறையும். ஆயினும் சேர்மங்கள், குறிப்பாக நீலம் உமிழ்பவை, நாளடைவில் தேய்கின்றன. அசையாத படம் நெடுநேரம் காட்டப்பட்டால் அதன் சுவடு திரையில் நிலைத்துவிடக்கூடும்.

மின்தாள்

நுண்ணிய உறைகளுக்குள் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளை, கருப்புத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒரு நிறம் மேலே வரும். படம் மாறும்போது மட்டுமே மின்சாரம் தேவைப்படும். வெயிலில் அச்சிட்ட தாளைப் போலப் படிக்கலாம். படம் மெதுவாக மாறுவதால் நிகழ்படத்துக்கு இது ஏற்றதன்று.

பெயர்க் குழப்பம்

கடைகளில் ‘எல்இடி தொலைக்காட்சி’ என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை நீர்மப் படிகத் திரைகளே. முன்பு பின்னொளிக்குப் பயன்பட்ட ஒளிர்குழாய்க்குப் பதிலாக ஒளியுமிழ் இருமுனையங்கள் பொருத்தப்பட்டதே வேறுபாடு. ‘கியூஎல்இடி’ எனப்படுபவையும் பெரும்பாலும் குவாண்டம் புள்ளிகளால் பின்னொளியின் நிறத்தை மேம்படுத்திய நீர்மப் படிகத் திரைகளே. ‘ஓஎல்இடி’ மட்டும் வேறு வகை.

ஒப்பீடு

* கருமை: ஓஎல்இடி சிறந்தது. எல்சிடியில் பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்து குறையை ஓரளவு நீக்கலாம்.
* மின்செலவு: அசையாத எழுத்துக்கு மின்தாளே மிகச் சிக்கனமானது. எல்சிடியின் செலவு பெரும்பாலும் பின்னொளியைப் பொறுத்தது. ஓஎல்இடியின் செலவு படத்தின் ஒளிர்வைப் பொறுத்தது.
* நீடிப்பு: ஒரே படம் நாள் முழுதும் நிற்கும் அறிவிப்புத் திரைகளுக்கு ஓஎல்இடியை விட எல்சிடி ஏற்றது.