கோணல் பாதையை நேராக்கியவர்

குட்டீஸ், உங்கள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது? கிறுக்கல், நண்பனின் கார்ட்டூன், பாதியில் நின்றுபோன ஒரு விளையாட்டு... அப்படித்தானே? லண்டனில் உள்ள விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு நோட்டுத் தாள் பத்திரமாக இருக்கிறது. பென்சிலாலும் வண்ண மையாலும் போட்ட கோடுகள். அடித்தல் திருத்தலும் உண்டு. 1931-ல் அதை வரைந்தவர் ஹாரி பெக்.

இவர் ஓவியர் அல்ல. லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்தின் சிக்னல் பிரிவில் வரைபடம் போடும் ஊழியர். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. யாரும் கேட்காமலே, ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து இதை வரைந்தார். ஏன்?

லண்டனில் 1863-லேயே பூமிக்கடியில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. உலகின் முதல் சுரங்க ரயில் அதுதான். அடுத்த 70 ஆண்டுகளில் பாதைகள் பெருகின. ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே போயின. வழி காட்டும் படமோ, நிஜமாகவே பாதை எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து நெளிந்து இருந்தது. நகரின் நடுவே நிலையங்கள் அடுத்தடுத்து இருப்பதால் அங்கே பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஓரத்தில் ஊர்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் காகிதம் காலியாகக் கிடக்கும். தட்டில் கொட்டிய நூடுல்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஆனால் அந்தப் படத்தில் தப்பு ஒன்றும் இல்லை. அளவெல்லாம் சரிதான். படித்துப் புரிந்துகொள்ளத்தான் முடியவில்லை.

பெக் வேறு மாதிரி யோசித்தார். சுரங்கத்துக்குள் போகும் பயணிக்கு வெளியே என்ன தெரியும்? கறுப்புச் சுவர்தான். ரயில் இடது பக்கம் வளைந்தால் என்ன, வலது பக்கம் வளைந்தால் என்ன? அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்றுதான். எந்த ரயிலில் ஏறுவது, எங்கே இறங்கி மாறுவது, இன்னும் எத்தனை நிலையம் பாக்கி.

உடனே வளைவுகளுக்கு விடை கொடுத்தார். படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு, 45 டிகிரி சாய்ந்த கோடு - இவை மட்டும்தான் இனி! உங்கள் ஜாமெட்ரி பெட்டியில் உள்ள மூலைமட்டமும் ஸ்கேலும் போதும், இதை வரைய. நெரிசலான நடுப்பகுதியை அகலமாக்கினார். தூரத்து நிலையங்களை நெருக்கி வைத்தார். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வண்ணம். தெரு, பூங்கா, கட்டடம் எல்லாம் போயே போச்சு. பூமிக்கு மேலே உள்ளவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்: தேம்ஸ் நதி. அதையும் கோணம் கோணமாக மடித்துவிட்டார்!

படத்தை நிறுவனத்திடம் கொடுத்தார். 'இது ரொம்பப் புதுமாதிரி, வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தூரத்தையே காட்டாத ஒரு வரைபடமா என்று அவர்களுக்குச் சந்தேகம். பெக் விடவில்லை, மறுபடி கொடுத்தார். சரி, பார்க்கலாம் என்று 1932-ல் சில நிலையங்களில் 500 பிரதிகள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மக்கள் ஆசையோடு வாங்கிக்கொண்டார்கள். 1933 ஜனவரியில், சட்டைப் பையில் மடித்து வைக்கும் அளவில் லட்சக்கணக்கில் அச்சடித்தார்கள். அட்டையிலேயே 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார்கள். சீக்கிரமே மறுபடியும் அச்சடிக்க வேண்டியதாயிற்று.

மின்சார ஒயர் இணைப்புப் படம் மாதிரி இருக்கிறதே என்ற கிண்டலும் இருந்தது. பெக் என்ன செய்தார் தெரியுமா? நிலையப் பெயர்களுக்குப் பதிலாக மின்சாரச் சொற்களை எழுதி, ஒரு வேடிக்கை வரைபடத்தைத் தானே வரைந்து ஊழியர் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார்!

அவர் ஓயவே இல்லை. முதலில் நிலையங்களைப் புள்ளியாக வைத்திருந்தார். பிறகு சின்னஞ்சிறு குறுக்குக் கோடாக மாற்றினார். எழுத்துகளுக்கு இடம் கிடைத்தது. இப்படி 25 ஆண்டுகளுக்கு மேல் திருத்திக்கொண்டே இருந்தார். 1960-ல் நிறுவனம் வேறொருவர் வரைந்த படத்தை வெளியிட்டது. அதில் பெக்கின் பெயர் இல்லை. அவர் போராடிப் பார்த்தார், பலன் இல்லை. 1974-ல் இறந்துபோனார். 1997-லிருந்துதான், இந்தப் படத்தின் மூலம் ஹாரி பெக்கின் யோசனை என்ற வரி லண்டன் வரைபடத்தில் அச்சாகிறது. ரொம்பத் தாமதம், இல்லையா?

பெக் முறையில் ஒரு சங்கடமும் உண்டு. லண்டனில் லெஸ்டர் ஸ்கொயர், காவென்ட் கார்டன் என்ற இரண்டு நிலையங்களுக்கு நடுவே சுமார் 260 மீட்டர்தான் தூரம். நடந்தே போய்விடலாம். நகருக்கு வெளியே, ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு 6 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய இடமும் இருக்கிறது. இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்! படத்தைப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. இதை அறியாத சுற்றுலாப் பயணிகள் 260 மீட்டருக்கு டிக்கெட் எடுப்பதுண்டு.

சரி, வேண்டாததை எடுத்துவிட்டால் நல்லது என்றால், இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். 2009-ல் வெளியான வரைபடத்தில் தேம்ஸ் நதியைக் காணோம்! ரயில் ஏற நதி எதற்கு என்று நினைத்திருப்பார்கள். லண்டன்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நதிக்கு வடக்கா, தெற்கா என்பதை வைத்துத்தானே அவர்கள் ஊரையே நினைவில் வைத்திருக்கிறார்கள்! நகர மேயரே தலையிட, நதி மறுபடி படத்துக்குள் வந்துவிட்டது. எதை எடுப்பது என்பதைவிட எதை விட்டுவைப்பது என்பது கஷ்டமான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

வண்ணத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும். அதற்குத்தான் நிறக்குருடு என்று பெயர். அவர்கள் வண்ணக் கோடுகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்? அவர்களுக்காக லண்டனில் கறுப்பு வெள்ளையிலும் வரைபடம் போடுகிறார்கள். கோட்டுக்குக் கோடு புள்ளியும் பட்டையுமாக வேறுபாடு காட்டுவார்கள்.

இதே சிக்கல் நம் வீட்டு பிஸ்கட் பாக்கெட்டிலும் இருந்தது. சைவ உணவு என்றால் சதுரத்துக்குள் பச்சைப் பொட்டு. அசைவம் என்றால் சதுரத்துக்குள் பழுப்புப் பொட்டு. வடிவம் ஒன்றே, வண்ணம்தான் வேறு. நிறக்குருடு உள்ள ஒரு சைவக்காரர் கடையில் நின்றால் என்ன செய்வார்? 2020-ல் வந்த விதியில் அசைவக் குறியை வட்டத்திலிருந்து முக்கோணமாக மாற்றினார்கள். இப்போது வண்ணமே தெரியாவிட்டாலும் வடிவத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அடுத்த முறை கடைக்குப் போனால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

இந்த மாதிரி வேலைக்குத்தான் வரைகலை வடிவமைப்பு என்று பெயர். இதற்கென்றே அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-லிருந்து இருக்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதைக்கு ஒரு கட்டம் போட்ட நோட்டும் நாலு கலர் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து உங்கள் அத்தை முதல் முறையாக வருகிறார். பஸ் நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு அவர் தனியாகவே வர வேண்டும். அதற்கு ஒரு படம் போடுங்கள். முதலில் வழியில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள்: பிள்ளையார் கோயில், தண்ணீர்த் தொட்டி, மாவு மில், நாய் படுத்திருக்கும் திண்ணை. (நாய் எழுந்து போய்விடும், அதை நம்பாதீர்கள்.) பிறகு ஒவ்வொன்றாக அடியுங்கள். திரும்ப வேண்டிய இடத்தில் எது இருக்கிறதோ அதை மட்டும் விட்டுவையுங்கள். பாதையை நேர்க்கோடாகவும் 45 டிகிரிக் கோடாகவும் மாற்றுங்கள். பெயர்கள் எல்லாம் ஒரே திசையில் படிக்கும்படி இருக்கட்டும். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்க வைக்காதீர்கள்.

பள்ளியிலோ வீட்டிலோ கணினி இருந்தால் 'இங்க்ஸ்கேப்' என்ற மென்பொருளைப் பெரியவர்களிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளலாம். காசு கிடையாது. அதில் வரைந்த கோட்டைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறு தட்டாது. சின்னத் தம்பி தங்கைகளுக்கு 'டக்ஸ் பெயின்ட்' இருக்கிறது, அதுவும் இலவசம்தான். ஆனால் முதல் படத்தை நோட்டிலேயே போடுங்கள். பெக்கும் அப்படித்தான் தொடங்கினார்.

படம் முடிந்ததும் அந்தத் தெருவுக்கே வராத ஒருவரிடம் கொடுத்து, 'வீட்டைக் கண்டுபிடியுங்கள்' என்று சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, கையும் காட்டக் கூடாது. பின்னாலேயே நடந்து போங்கள். அவர் எந்த இடத்தில் நின்று முழிக்கிறாரோ, அந்த இடத்தைப் படத்தில் குறித்துக்கொண்டு ரப்பரை எடுங்கள்.