கிராணியின் நோட்டுப் புத்தகம்

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஜாசின், மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பேச்சு எப்படியும் பால் கொட்டகைக்கு வந்து நிற்கும். விடியுமுன் பெரட்டு என்ற வருகைப் பதிவுக்குப் போய்ப் பேர் கொடுத்து, தம் மர நிரையை வெட்டி முடித்து, காண்டா வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். தோட்டக் கணக்கரான கிராணி பாலை நிறுப்பார். கொஞ்சம் பால் எடுத்து மெட்ரோலாக் என்ற மிதவையை அதில் விட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். பிறகு நோட்டில் ஓர் எண் விழும். கூலி அந்த எண்ணைப் பொறுத்தது. எதிரே நிற்கும் அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தாலும் நோட்டு அவர் பக்கம் திரும்பாது.

கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் மக்கள் ஒரு தகவல் அமைப்புக்குள் வாழ்ந்தார்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 1890களில் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கிலும் புக்கிட் அசஹானிலும் ரப்பர் நட்ட மாநிலம் மலாக்கா. அந்தத் தொழில் வளர வளர, ஆட்களின் பதிவேடான செக்ரோலும் கூடவே வளர்ந்தது. செக்ரோலில் வேலை நாள் இருக்கும், கூலி இருக்கும். தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானித்தவருக்குத் தேவைப்பட்டது ஆளின் உழைப்பு மட்டுமே.

விடுபட்டதன் விலை பிறகு தெரிந்தது. சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமைக்குப் பத்திரம் கேட்டார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் கையில், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையே தங்கியது. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஒரு கட்டம் நிரப்பப்படாததால் ஒரு குடும்பம் நாடு மாற முடியும்!

கட்டம் இருந்தும் அதில் அடங்காதவர்களும் உண்டு. மலாக்கா செட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். காஜா பெராங்கில் வாழ்கிறார்கள், வீட்டில் மலாய் பேசுகிறார்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். இனம் கேட்கும் பாரத்தில் இவர்கள் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? ஆய்வாளர்கள் ஜெஃப்ரி பௌக்கரும் சூசன் லீ ஸ்டாரும் வகைப்பாடு பற்றி 1999இல் எழுதிய நூலின் மையமே இந்த மாதிரிக் கேள்விதான். தென்னாப்பிரிக்கா 1950இல் சட்டம் போட்டு மக்களை இனவாரியாகப் பதிவு செய்தபோது, ஒரே குடும்பத்து மனிதர்கள் வெவ்வேறு வகைக்குள் விழுந்ததை அவர்கள் விரிவாகக் காட்டுகிறார்கள். வகைப்பாடு யாரோ ஒருவர் எடுத்த முடிவு. அட்டவணைக்குள் போனதும் அது இயற்கை போலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

சிறிய காயங்களும் உண்டு. ஒரு முறை இணையத்தில் விண்ணப்பம் நிரப்பினேன். பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே நாம் போடும் சாய்கோட்டை அது ஏற்கவில்லை. 'செல்லாத எழுத்து' என்று சிவப்பில் எச்சரித்தது. கோட்டை எடுத்தேன். அப்பா பெயரை அது குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டதால், அந்தப் பெயரிலேயே எனக்குக் கடிதம் வந்தது. அப்பா இறந்து பல வருஷம். உறையின் மேல் அவர் பெயரைப் பார்த்ததும் சற்று நேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

இன்று புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. டுரியான் துங்கலில், 2000இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டப் பிள்ளைகளின் பிள்ளைகள் அங்கே தகவல் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். எனக்கு அதில் உண்மையான பெருமை. அவர்களிடம் ஒன்று கேட்பேன். முதல் தரவுத்தளத்தை வரையுமுன், சிவப்பு அட்டை வைத்திருக்கும் ஒரு பாட்டியிடம் ஒரு காலை நேரம் போய் உட்காருங்கள். எந்தப் பாரத்தின் எந்தக் கட்டத்தில் அவர் விடுபட்டார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதும் நோட்டை அவர் பக்கம் திருப்பி, வாசித்துக் காட்டுங்கள்.