ட்ரோன் தேடும், கண்டுபிடிப்பது யார்?

மலையில் வழி தவறினார், நிலச்சரிவில் காணாமல் போனார் என்று செய்தி வந்தால், அடுத்த வரியிலேயே "ட்ரோன் மூலம் தேடும் பணி தீவிரம்" என்று படிக்கிறோம். ட்ரோன் மேலே போனால் ஆள் கிடைத்துவிடுவார் என்ற எண்ணமும் நமக்கு வந்துவிட்டது. உண்மையில் ட்ரோன் ஒரு பறக்கும் கேமரா. படம் எடுப்பதுதான் அதன் வேலை. அந்தப் படத்தில் ஆளைத் தேடுவது மனிதக் கண்ணும் கம்ப்யூட்டரும்தான். இது எங்கே உதவுகிறது, எங்கே உதவாது என்பதை மூன்று நிகழ்ச்சிகள் மூலம் பார்ப்போம்.

உடல் சூடு காட்டிக் கொடுத்தது

2013 மே மாதம், கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம். கார் கவிழ்ந்து காயம்பட்ட ஒருவர், உறைய வைக்கும் குளிரில் இரவில் எங்கோ நடந்து போய்விட்டார். தரையில் தேடியவர்களுக்கும் ஹெலிகாப்டரில் தேடியவர்களுக்கும் அவர் கிடைக்கவில்லை. பிறகு அவருடைய செல்போன் அழைப்பின் மூலம் அவர் இருக்கும் பகுதி தெரிய வந்தது. போலீசார் அங்கே ட்ரோனை அனுப்பினார்கள். அதிலிருந்த தெர்மல் கேமரா, ஒரு மரத்தடியில் மயங்கிக் கிடந்தவரின் உடல் சூட்டைக் காட்டியது. அவர் உயிர் பிழைத்தார்.

தெர்மல் கேமரா வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. சூட்டின் வித்தியாசத்தைப் பார்க்கிறது. குளிர்ந்த தரையில் சூடான உடல் பளிச்சென்று தெரியும். ஆனால் எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று சொன்னது செல்போன்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு சிவப்புப் புள்ளி

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு போட்டோவைத் திறந்து பெரிதாக்கிக்கொண்டே போங்கள். கடைசியில் சிறு சிறு சதுரங்கள் தெரியும். அவைதான் பிக்சல்கள். 4000 பிக்சல் அகலமுள்ள ஒரு படத்தில் 120 மீட்டர் அகல நிலம் விழுந்தால், ஒரு பிக்சல் என்பது 3 செ.மீ. ஒரு ஹெல்மெட் அதில் 10 பிக்சல் அகலம்கூட இருக்காது.

இத்தாலியின் மான்விசோ மலையில் 2024 செப்டம்பரில் ஒரு மலையேறி காணாமல் போனார். 2025 ஜூலையில் இரண்டு ட்ரோன்கள், சுமார் 450 ஏக்கர் பரப்பை 2,600 படங்களாக எடுத்தன. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், ஒருவர் பார்த்து முடிக்க 43 மணி நேரம் ஆகும். செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேர் ஒன்று இந்தப் படங்களை அலசி, இயற்கையில் இருக்க முடியாத நிறங்களைக் குறித்துக் கொடுத்தது. மீட்புக் குழுவினர் அவற்றை வடிகட்டி, மறுபடியும் ட்ரோனை அனுப்பிச் சரிபார்த்தார்கள். அவற்றில் ஒரு சிவப்புப் புள்ளி அவருடைய ஹெல்மெட். 10 மாதம் கழித்து உடல் கிடைத்தது. உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் குடும்பத்தின் காத்திருப்பு முடிந்தது.

எங்கே தோற்கிறது?

அடர்ந்த மர இலைகளையும் தண்ணீரையும் ஊடுருவி தெர்மல் கேமராவால் பார்க்க முடியாது. நம் ஊர் வெயிலில் நண்பகல் பாறை, உடலைவிடச் சூடாக இருக்கும். அப்போது வித்தியாசம் தெரியாது. அதிகாலையும் இரவும்தான் ஏற்ற நேரம். சிறிய ட்ரோன்களின் பேட்டரி அரை மணி நேர அளவுக்குத்தான் தாங்கும். மழையும் பலத்த காற்றும் வந்தால் இறக்கிவிட வேண்டியதுதான்.

கர்நாடகாவின் ஷிரூரில் 2024 ஜூலை 16 அன்று நிலச்சரிவு ஏற்பட்டு, ஒரு லாரி டிரைவருடன் கங்காவளி ஆற்றில் விழுந்தது. ட்ரோனில் பொருத்திய உலோகம் கண்டறியும் கருவி, லாரி இருக்கக்கூடிய இடங்களைக் காட்டியது. ஆனால் ஆற்றின் வேகம் முக்குளிப்போரை இறங்கவிடவில்லை. தூர்வாரும் இயந்திரம் வந்த பிறகு, செப்டம்பர் 25 அன்றுதான் லாரி வெளியே வந்தது. டிரைவரின் உடலும் அதிலேயே இருந்தது. இடம் தெரிவது வேறு, ஆளை எடுப்பது வேறு.

நாம் செய்ய வேண்டியவை

1. மலைக்கோ காட்டுக்கோ போகும் முன், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லுங்கள்.
2. சிவப்பு, ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறத்தில் உடை அணியுங்கள். புறப்படும்போது ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.
3. செல்போன் சார்ஜைச் சேமியுங்கள். வழி தவறினால் வெட்டவெளியில் ஓரிடத்தில் இருங்கள்.
4. உங்களிடம் ட்ரோன் இருந்தாலும், மீட்புப் பணி நடக்கும் இடத்தில் நீங்களாகப் பறக்கவிடாதீர்கள். ஹெலிகாப்டர் வர முடியாமல் போய்விடும்.

தேட வேண்டிய இடம் எவ்வளவு சிறிதாகிறதோ, அவ்வளவு சீக்கிரம் ட்ரோன் உங்களைக் கண்டுபிடிக்கும். அந்த இடத்தைச் சிறிதாக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது.