‘கால் இட் எ டே’ என்றால் எந்த நாள்?

மும்பை தாராவியைச் சேர்ந்த தமிழ் வாலிபர் அவர். பி.காம். பட்டதாரி. ஆங்கில இலக்கணத்தில் அவரிடம் தவறு கண்டுபிடிக்க முடியாது. போர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

முதல் வாரம். மாலை 6 மணிக்கு அதிகாரி பைலை மூடிவிட்டு, "லெட் அஸ் கால் இட் எ டே" என்றார்.

வாலிபருக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். மொத்தத்தில் பொருள் தெரியவில்லை. ஏதோ ஒரு நாளைக் குறிக்கச் சொல்கிறார் போலும் என்று எண்ணி, "எஸ் சார்" என்றார். எல்லோரும் போன பிறகும் 8 மணி வரை உட்கார்ந்து இருந்தார். காவலாளி விளக்கை அணைக்க வந்தபோதுதான் எழுந்தார்.

"இன்றைய வேலை போதும், கிளம்பலாம்" என்பதுதான் அதன் பொருள்!

மறுநாள் அலுவலகமே சிரித்தது. அன்று முதல் அவர் வாய் திறப்பது இல்லை. புரிந்தாலும் "எஸ் சார்", புரியாவிட்டாலும் "எஸ் சார்".

கம்பி நீட்டியது யார்?

அங்கே ஸ்டெனோவாக இருந்த நெல்லைக்காரர் ஒருவர் இதைக் கவனித்தார். டீ குடிக்கும்போது கேட்டார்.

"தம்பி, கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான் என்றால், கம்பியையா நீட்டுகிறான்?"

"இல்லை அண்ணாச்சி, ஓடிவிட்டான் என்று அர்த்தம்."

"அதை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்?"

வாலிபரிடம் பதில் இல்லை.

‘போடு’வும் ‘புட்’டும்

ஆங்கிலத்தில் ‘புட்’ என்பது சின்னச் சொல். ‘புட் ஆப்’ என்றால் தள்ளிப்போடுவது. ‘புட் அவுட்’ என்றால் தீயை அணைப்பது. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது.

இது என்ன குழப்பம் என்று தோன்றும். நம் ‘போடு’ மட்டும் என்னவாம்? சட்டை போடுகிறோம். சோறு போடுகிறோம். சண்டை போடுகிறோம். ஆளை எடை போடுகிறோம். எல்லாம் காதால் கேட்டுப் பழகியதுதான்.

‘ஐ ஆம் அப்ரெய்டு’ என்று ஒருவர் தொடங்கினால் அவர் பயப்படுகிறார் என்று பொருள் அல்ல. "முடியாது" என்பதைப் பெரும்பாலும் மரியாதையாகச் சொல்லப் போகிறார். ‘நாட் பேட்’ என்றால் பாராட்டு.

ஸ்டேஷனுக்கு வெளியே

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் டெலிபோனில் பேசும் வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "மேனேஜர் அவுட் ஆப் ஸ்டேஷன்" என்றால் வெளியூர் போயிருக்கிறார் என்று நமக்குப் புரியும். வெள்ளைக்காரர் ஆட்சியில் அதிகாரி வேலை பார்த்த ஊருக்கு ‘ஸ்டேஷன்’ என்று பெயர். அந்தப் பழக்கம் இங்கே தங்கிவிட்டது. வெளிநாட்டுக்காரரோ, மேனேஜர் ரெயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறாரா என்று திகைப்பார்.

"காலேஜில் பாஸ் அவுட் ஆனேன்" என்றால், மயங்கி விழுந்ததாக நினைப்பார்!

எப்படிப் பழகுவது?

தனிச் சொல்லை எழுதி வைத்துப் பயன் இல்லை. முழு வாக்கியத்தையும், யார் யாரிடம் சொன்னார் என்பதையும் குறித்து வைக்க வேண்டும். நண்பர்களிடம் சொல்லும் ‘ஹாய் கைஸ்’ மேலதிகாரியிடம் செல்லாது. மழையை நாய், பூனையாகக் கொட்டச் செய்யும் பாடப் புத்தக வாக்கியத்தை இன்று ஆங்கிலேயர்களே அதிகம் பேசுவது இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, புரியாவிட்டால் கேட்க வேண்டும்.

தாராவி வாலிபரும் ஒரு நாள் கேட்டார். அதிகாரி ஒரு கடிதத்தைக் கொடுத்து, "சிட் ஆன் இட்" என்றார். வாலிபர் துணிந்து, "சார், அப்படி என்றால் என்ன?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. "அனுப்ப வேண்டாம், இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும்" என்று அதிகாரி விளக்கினார்.

வழக்கம்போல் "எஸ் சார்" என்று தலையாட்டி இருந்தால், அந்தக் கடிதம் அன்று மாலையே தபாலில் போயிருக்கும்.