உறங்கும் கணினியை எழுப்புவது யார்?

நான் தமிழ் படிப்பிக்கிறவன். கணினி என் பாடமல்ல. ஆனால் "சேர், வேலையில்லாத நேரம் கணினி என்ன செய்யும்?" என்று உயர்தர வகுப்புப் பிள்ளையொன்று கேட்டது. அதற்காகத் தேடி வாசித்ததில் விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

அது உறங்குகிறது. நாம் இரண்டு எழுத்தைத் தட்டும் இடைவெளியிலேயே புரொசஸர் பலமுறை கண்ணயர்ந்துவிடும். உறக்கத்திலும் படிகள் உண்டு. சி1 என்பது கோழித் தூக்கம்; உடனே எழும்பலாம். சி3 முதலானவை ஆழ்ந்த உறக்கம். மின்சாரம் கூடுதலாக மிச்சமாகும், எழும்ப நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். இடைவெளி குறுகியதென்றால் ஆழ உறங்குவது நட்டம்தான். ஆகவே பணிசெயல் முறைமை, அடுத்த வேலை எப்போது என்று கணக்குப் பார்த்தே படியைத் தெரிவு செய்கிறது.

சரி, குறித்த நேரத்தில் எழுப்புவது யார்? டைமர். ஒவ்வொரு கோருக்கும் அருகிலேயே லோக்கல் ஏபிக் என்றொரு டைமர் உண்டு. அது வேகமானது. ஆனால் பழைய இன்டெல் புரொசஸர்கள் பலவற்றில், சி3 ஆழத்துக்குப் போனால் அதுவும் நின்றுவிடும். விடியற்காலை பஸ்ஸுக்கு எழுப்பிவிடச் சொன்ன ஆளே பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டால் எப்படி?

அதனால், ஆழ உறங்குமுன் பொறுப்பை வெளியிலுள்ள டைமரிடம் ஒப்படைக்க வேண்டும். 1981இல் வந்த ஐ.பி.எம். பீசியிலேயே ஒன்று இருந்தது: பி.ஐ.டி. அது செக்கனுக்கு ஏறத்தாழ 11,93,182 தடவை எண்ணும்; ஆனால் 65,536க்கு மேல் எண்ணத் தெரியாது. ஆகவே 55 மில்லிசெக்கனுக்கு மேல் தவணை சொல்ல முடியாது. பின்னர் வந்த எச்.பி.ஈ.டி. நீண்ட தவணையும் ஏற்கும். ஆனாலும் அது தூரத்து ஆள். அதனோடு பேசவே நேரம் பிடிக்கும். ஒரே டைமர் பல கோர்களுக்குப் பொறுப்பானால், யாருக்கு முதலில் எழும்ப வேண்டுமோ அந்த நேரத்துக்கு அதை வைப்பார்கள். மற்றக் கோர்களுக்கு நேரம் வரும்போது செய்தி அனுப்பி எழுப்புவார்கள்.

முன்பு லினக்ஸில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செக்கனுக்கு 100, 250 அல்லது 1000 தடவை தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். 2007இல் வந்த 2.6.21 பதிப்பில்தான், சும்மா இருக்கும்போது அந்தத் தட்டலை நிறுத்தி, அடுத்த வேலைக்கு மட்டும் டைமர் வைக்கும் வசதி கிடைத்தது. உறக்கம் நீளநீள, எழுப்புபவரின் நம்பகமும் முக்கியமானது.

பிந்திய இன்டெல் புரொசஸர்களில் அருகிலுள்ள டைமர் எந்த ஆழத்திலும் ஓடும். அந்த வசதிக்குப் பெயர் அராட். அது இருக்கிறதென்று புரொசஸர் அறிவித்தால், வெளியாள் தேவையில்லை. வெளியாள் எப்போதும் விழித்திருப்பார் என்றும் நம்ப முடியாது. இன்டெலின் கோபி லேக் கணினிகள் சிலவற்றில், மிக ஆழ்ந்த உறக்கத்தின்போது எச்.பி.ஈ.டி.யின் நேரமே பிசகியது. 2019இல் லினக்ஸ் அந்த வகைக் கணினிகளில் அதைப் பாவிப்பதை நிறுத்தியது.

தெரிவு பிழைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பயந்து மேலோட்டமாக உறங்கினால் மடிக்கணினியின் பெட்டரி வீணாகும். நம்பி ஆழ உறங்கினால், யாராவது ஒரு விசையைத் தட்டும்வரை கணினி உறைந்தே கிடக்கலாம். ஆகவே டைமரின் வேகத்தைப் பார்ப்பது இரண்டாவது வேலை. நாம் உறங்கப்போகும் ஆழத்தில் அது விழித்திருக்குமா என்பதே முதற்கேள்வி.